ஆறு வீட்டு எர்த் குழி

இன்று காலை ஒரே ஒரு திருகாணி தேவைப்பட்டது. மூன்று மில்லிமீட்டர், தட்டைத் தலை. என் மேசையில் இல்லை. உன் அலமாரிப் பக்கம் போவதில்லை என்று மூன்று மாதமாக வைத்திருந்த வைராக்கியத்தை அந்தத் திருகாணிக்காக விட்டுவிட்டு, உன்னுடைய பெருங்காய டப்பாவைத் திறந்தேன். குப்பென்று வாசனை. காலி டப்பாவைக் கழுவி எடுத்து வா என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்! "கழுவினா துருப்பிடிக்கும்டி" என்பாய். பிளாஸ்டிக் டப்பா எப்படித் துருப்பிடிக்கும் என்று கேட்டால், "டப்பா இல்ல, திருகாணி" என்று மாற்றிப் பேசுவாய். நாம் செய்த பெட்டிகள் எல்லாம் பெருங்காய வாசனையோடுதான் போய் இறங்கின. பிள்ளையார்பாளையத்தில் ஒரு வீட்டில், "இன்னாம்மா இது, தறி மேல ரசம் வெக்கறீங்களா?" என்று கேட்டார்கள். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். எனக்கு மானம் போனது.

இன்றைக்கும் எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. நேற்றோடு அந்த ஆறு வீட்டு வேலையும் முடிந்துவிட்டது. ஆறு பெட்டியும் ஓடுகிறது. இத்தனை நாள் ஏன் ஓடவில்லை, இப்போது ஏன் ஓடுகிறது என்பதை முழுசாக உட்கார்ந்து கேட்கக்கூடிய ஆள் இந்த ஊரில் ஒருத்திதான் இருந்தாள். கேட்டு முடித்ததும் "இதுக்குத்தான் இவ்ளோ கூத்தா?" என்று சொல்லியும் இருப்பாள். அவள் கார்த்திகையில் கிளம்பிப் போய்விட்டாள். ஆகவே எழுதுகிறேன். பாதி உனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் முதலிலிருந்து வரிசையாகச் சொன்னால்தான் எனக்குக் கோபம் சரியாக வரும்.

பாலிடெக்னிக்கில் பக்கத்துப் பக்கத்து பெஞ்சு. அப்புறம் ஸ்ரீபெரும்புதூருக்கு ஏழு வருஷம் ஒரே கம்பெனி பஸ். நீ பழுதான போர்டுகளைச் சரிபார்க்கும் வரிசை, நான் சோதனை வரிசை. ஒரு நாள் பஸ்ஸில் ஜன்னலோரத்தைப் பிடித்துக்கொண்டு, "எலக்ட்ரானிக் ஜக்கார்டு பெட்டிய நாமளே செய்யலாம்டி" என்றாய். வெளியூர்ப் பெட்டி கெட்டுப்போனால் அதைப் பார்க்க ஆள் வருவதற்குள் உங்கள் தெருவில் தறி வாரக்கணக்கில் சும்மா நிற்கிறது என்றாய். தறிக்கு மேலே உட்கார்ந்து எந்தப் பாவு இழை தூக்க வேண்டும், எது இறங்க வேண்டும் என்று சொல்லும் பெட்டி அது. முன்பெல்லாம் துளை போட்ட அட்டைகளைக் கோத்து அதைச் செய்தார்கள். இப்போது கணினியில் சேலைப் பூவை, அதாவது புட்டாவை, வரைந்து பெட்டிக்குள் ஏற்றினால் போதும். நீ நெசவு வீட்டுப் பெண். உனக்குத் தறி தெரியும். எனக்குத் தறியில் எது முன்பக்கம் என்றுகூடத் தெரியாது. இருந்தும் தலையாட்டினேன். ஜன்னலோரத்தை விட்டுக்கொடுக்காமல் நீ கேட்ட முதல் உதவி அதுதான்.

பெரிய காஞ்சிபுரத்தில், ஆட்டோ எலெக்ட்ரிக் கடைக்கு மேலே அந்த ஒற்றை அறை. போர்டு, காந்தச் சுருள், வயரிங், இரும்புப் பெட்டி, தறிமேல் ஏற்றிப் பொருத்துவது எல்லாம் நீ. பெட்டிக்குள் ஓடும் ப்ரோக்ராம் நான். நடுவில் ஒரு யூ.எஸ்.பி கேபிள். அந்த ஒன்றரை மீட்டர் கேபிள்தான் நம் இரண்டு பேர் பிழைப்புக்கும் நடுவே நின்றது.

என் லேப்டாப்பில் லினக்ஸ். அதில் முதல் நாளே பெட்டி பேசியது. நான் உனக்கு பாதாம் பால் வாங்கிக் கொடுத்தேன். ஆனால் தறி வைத்திருக்கும் வீடுகளில் இருப்பதெல்லாம் விண்டோஸ். அங்கே செருகினால், இந்தச் சாமானுக்கு டிரைவர் இல்லை என்று மஞ்சள் முக்கோணம் காட்டியது. டிரைவரை நாமே எழுதிக் கொடுத்தால், இதை நம்பலாமா என்று சிவப்பு எழுத்தில் மிரட்டியது. மிரட்டலைப் பார்த்த ஒரு வீட்டுக்காரர் வைரஸ் என்று பயந்து மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டார். அதற்குப் பிறகுதான் வேறு வழி தேடினேன். டிரைவரே கேட்காமல் விண்டோஸ் பெட்டியை ஏற்றுக்கொள்ள ஒரு வழி இருந்தது.

கீழே டீக்கடையில் வைத்து அதை உனக்கு விளக்கினேன். கேபிளைச் செருகியதும் கணினி பெட்டியைக் கேள்வி கேட்கும். யார் செய்தது, எந்த மாடல், எத்தனையாவது பதிப்பு என்று. பெட்டி சொல்லும் பதில்களுக்கு டிஸ்கிரிப்டர் என்று பெயர். இவை எல்லாக் கணினியும் கேட்கும் கேள்விகள். விண்டோஸ் மட்டும் சத்தமில்லாமல் இன்னொன்று கேட்கும். இருநூற்று முப்பத்தெட்டாம் எண் குறிப்பைக் கொடு என்று. வேறெந்தக் கணினியும் அப்படிக் கேட்பதில்லை. அந்த எண்ணுக்குப் பதினெட்டு பைட்டில் ஒரு ஏழெழுத்துக் கையொப்பத்தை நீட்டினால், ஓ, உனக்கு என் பாஷை தெரியுமா என்று அடுத்த கேள்விக்குப் போகும். அதற்கும் சரியாகச் சொன்னால் தன்னிடமே இருக்கும் டிரைவரை எடுத்துக் கொடுத்துவிடும்.

நீ வடையைப் பிய்த்துக்கொண்டே கேட்டாய். "அது கேக்கும்போது இது சொல்லணும். அவ்ளோதான?"

"அவ்ளோதான்."

"அப்பறம் இன்னாத்துக்குடி மூணு வாரமா மூஞ்சிய தூக்கி வெச்சிக்கினு இருக்க?"

மூன்று வாரம் ஏன் என்று உனக்கு எப்படிப் புரியவைப்பது? முதலில் நீளத்தைத் தப்பாகச் சொன்னேன். பிறகு ஆறெழுத்துப் பெயரை எட்டு இடத்தில் வைத்துவிட்டு மீதி இரண்டு இடத்தில் சுழியம் போட மறந்தேன். அதற்குப் பிறகு, அட்டவணையின் நீளத்தில் தலைப்பின் நீளமும் சேர்த்தியா இல்லையா என்று குழம்பினேன். தப்பு எங்கே என்று விண்டோஸ் ஒரு வார்த்தை சொல்லாது. மஞ்சள் முக்கோணம், அதோடு சரி. மாமியார்கூட முகத்தைச் சுளித்தாவது காட்டுவார்.

இதற்கிடையில் ஆனி மாசம் வந்து தொலைத்தது. ஆறு வீட்டில் பெட்டி கேட்டிருந்தார்கள். ஆறு வீட்டுக்காரர்களும் ஒரே பாட்டுப் பாடினார்கள்: ஆடி பிறந்தால் புதுசாக எதையும் தொடங்கக் கூடாது, அதற்குள் பூஜை போட்டுவிட வேண்டும். நீ பையைத் தூக்கிக்கொண்டு என் மேசை முன்னால் வந்து நின்றாய்.

"பெட்டியக் குடு. நாளைக்கு ஒம்போதரைக்குள்ள நல்ல நேரம்."

"வேலை முடியலடி. இருநூத்தி முப்பத்தெட்டுக்கு இன்னும் சரியான பதில் அமையல."

"லைட்டு எரியுமில்ல?"

"எரியும்."

"போதும்பா. சாமிக்கு லைட்டு எரிஞ்சா போதும். மீதிய ஆவணில பாத்துக்கலாம்."

வாரத்துக்குள் ஆறு வீட்டிலும் பூஜை. ஒவ்வொரு முறையும் என்னைக் கூப்பிட்டாய். "வாடி, பொங்கலாவது கெடைக்கும்." நான் வரவில்லை. எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவோம். நல்ல நேரம் கெட்ட நேரம் பார்த்துப் பழக்கமில்லை. உண்மைக் காரணம் அதுவும் இல்லை. பாதி முடிந்த வேலைக்குச் சந்தனம் வைப்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. நீ பொங்கலை வாழையிலையில் மடித்துக் கொண்டுவந்து கொடுப்பாய். பெட்டியையும் திருப்பிக் கொண்டுவருவாய், திருகாணித் துளையெல்லாம் மஞ்சளும் குங்குமமுமாக. நான் முணுமுணுத்துக்கொண்டே ஸ்பிரிட்டில் துடைப்பேன். சாமி படத்துக்கு முன்னால் பெட்டியை வைத்துக் கற்பூரம் காட்டியிருப்பார்கள் என்று நானாக நினைத்துக்கொண்டேன். பூஜையில் என்னதான் செய்வீர்கள் என்று ஒரு நாள், ஒரே ஒரு நாள், கேட்டிருக்கலாம். பொங்கலில் முந்திரி குறைச்சல் என்றுதான் சொன்னேன்.

ஆடி முடிவதற்குள் என் வேலை முடிந்தது. நம் அறைக் கணினியில் விண்டோஸை அழித்துப் புதுசாக ஏற்றிச் செருகினோம். முக்கோணம் இல்லை, மிரட்டல் இல்லை, புட்டா நேராகப் பெட்டிக்குள் ஏறியது. நீ கைதட்டினாய். ஆவணியில் ஆறு பெட்டியையும் தறிமேல் ஏற்றினாய். ஆறு வீட்டிலும் மஞ்சள் முக்கோணம்.

அதே பெட்டியைக் கழற்றி அறைக்குக் கொண்டுவந்தால் ஓடுகிறது. வீட்டில் செருகினால் ஓடவில்லை. கேபிளை மாற்றினோம். கணினியில் வேறு துளையில் செருகினோம். நீ புது போர்டே செய்து எடுத்துப் போனாய். அதுவும் அங்கே ஊமை. இதற்கு நடுவில், ஆவணியில்தான் முதன்முதலாகக் கேட்டு வந்த ஏழாவது வீட்டில் பெட்டி முதல் தடவையே பேசிவிட்டது. அது புதுசாகக் கட்டிய வீடு. மின்கம்பியெல்லாம் புதுசு, எர்த் எல்லாம் ஒழுங்கு. போதாதா எனக்கு? கண்டுபிடித்துவிட்டேன் என்று குதித்தேன். பழைய வீடுகளில் எர்த் சரியில்லை, உன் காந்தச் சுருள்களின் மின் இரைச்சல் கேபிளில் ஏறுகிறது, என் ப்ரோக்ராம் ஒழுங்காகச் சொல்லும் பதில் வழியில் கெட்டுப்போகிறது. எத்தனை அழகான விளக்கம்! ஒரு ஓட்டை கிடையாது.

ஒரு ஓட்டை இருந்தது. அதை நீதான் சொன்னாய். புரட்டாசியில், சின்ன காஞ்சிபுரத்தில் லோகநாதன் அண்ணன் வீட்டில். அவர்தான் முதன்முதலாகப் பூஜை போட்டவர். அவருக்கும் அவர் மனைவிக்கும் முன்னால் நான் என் விளக்கத்தைப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தேன். நீ ஏணியில் நின்றபடி, வாயில் இரண்டு திருகாணியைக் கவ்விக்கொண்டு கேட்டாய்.

"மத்த கேள்விக்கெல்லாம் பதில் ஒழுங்கா போவுதே. இது மட்டும் எப்பிடிடி வழியில கெட்டுப்போவும்?"

பதில் இல்லாதபோது நான் என்ன செய்வேன் என்று உனக்குத் தெரியும். "உன் வேலைய நீ ஒழுங்கா செஞ்சிருந்தா நான் இங்க வரவே தேவையில்ல" என்றேன். அண்ணன் காதில் விழும்படி. அவர் மனைவி காதில் விழும்படி. நீ வாயிலிருந்த திருகாணிகளை எடுத்துச் சட்டைப்பையில் போட்டாய். நம் யூனிஃபார்ம் போல நீ எப்போதும் சுடிதாருக்கு மேல் போட்டிருந்த அந்தப் பழைய கம்பெனிச் சட்டை. ஏணியிலிருந்து இறங்கி, "செரி, குழி வெட்டிடறேன்" என்றாய். நீ சண்டை போட்டிருந்தால் எனக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும்.

ஐப்பசி முழுக்க மழை. அந்த மழையில் ஆறு வீட்டுப் பின்கட்டிலும் ஆள் உயரத்துக்கு எர்த் குழி வெட்டினாய். கடப்பாரைக்கு ஆள் வைத்துக்கொள் என்றால் கேட்கவில்லை, பாதிக் குழி நீயே இறங்கி வெட்டினாய். குழாயை நிறுத்தி, உப்பும் அடுப்புக்கரியும் மாற்றி மாற்றிக் கொட்டி, ஒவ்வொரு குழிக்கும் மீட்டர் வைத்து அளந்து, அளவைச் சுவரில் பென்சிலால் எழுதினாய். நான் ஒரு குழியைக்கூட வந்து பார்க்கவில்லை. அறையில் உட்கார்ந்து, "இப்ப பேசுதா?" என்று போனில் கேட்பேன். "இல்லபா" என்பாய். ஆறு தடவை கேட்டேன், ஆறு தடவையும் அதே. எல்லா வீட்டிலும் பழைய அட்டைகளையே திரும்ப ஏற்றிக்கொண்டார்கள். நாம் இரண்டு பேரும் பத்து நாள் அறைச் சாவியைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டோம்.

அப்புறம் நீ வரவில்லை. கோபம் போலிருக்கிறது என்று நானும் கூப்பிடவில்லை. மூன்றாம் நாள் கூப்பிட்டேன். "காய்ச்சல்பா. நாளைக்கு வந்துடறேன்" என்றாய். நாளைக்கு வரவில்லை. டெங்கு என்றார்கள், ரத்தத்தில் தட்டணு இறங்கிவிட்டது என்றார்கள், செங்கல்பட்டு என்றார்கள். நான் ஆஸ்பத்திரி வாசலுக்குப் போனபோது உன் அண்ணன் வெளியே தரையில் உட்கார்ந்திருந்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார், அவ்வளவுதான். நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராத ஆளை நான் என்ன செய்வது?

மாசி பிறந்ததும் லோகநாதன் அண்ணன் கூப்பிட்டார். "தப்பா நெனச்சிக்காதம்மா. பெட்டி சும்மா எடத்த அடைச்சிக்கினு இருக்குது. எடுத்துக்கினு போயிடு." நியாயம்தானே. கழற்றத்தான் போனேன். ஆனால் போகுமுன் ஒரு வீம்பு. எர்த்தோ வயரிங்கோ, பதில் வழியில்தான் கெடுகிறது என்று கடைசியாக ஒரு தடவை நிரூபித்துவிட வேண்டும். செத்துப்போனவளிடம் வாதம் ஜெயிக்கப் பார்த்தேன், என்னைப் போல் ஒரு ஜென்மம் உண்டா? பெட்டியின் ப்ரோக்ராமில் நாலு வரி சேர்த்தேன். இருநூற்று முப்பத்தெட்டு என்ற கேள்வி வந்தால் சிவப்பு விளக்கு ஒரு முறை சிமிட்ட வேண்டும். சிமிட்டியும் முக்கோணம் வந்தால், கேள்வி வந்தது, பதில் போனது, வழியில் கெட்டது என்று ஆகிவிடும்.

செருகினேன். டொய்ங் என்று கணினி சத்தம் போட்டது. பச்சை விளக்கு எரிந்தது. சிவப்பு சிமிட்டவில்லை. பிடுங்கிச் செருகினேன். நாலு தடவை, ஐந்து தடவை. சிமிட்டவே இல்லை. கேள்வியே வரவில்லை. வராத கேள்விக்கு என் பெட்டி என்னவென்று பதில் சொல்லும்? வழியில் கெட்டுப்போக அங்கே ஒரு பதிலும் கிளம்பவில்லை.

தறிக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து போனில் தேடினேன். ஒரு பக்கத்தின் அடியில், போகிற போக்கில் எழுதியிருந்தார்கள். விண்டோஸ் அந்தக் கேள்வியை ஒரு சாமானிடம் முதல்முறை செருகும்போது மட்டும்தான் கேட்கும். அப்போது சரியான பதில் வராவிட்டால், இந்த மாடல், இந்தப் பதிப்பு, இதற்கு என் பாஷை தெரியாது என்று உள்ளே குறித்து வைத்துக்கொள்ளும். அப்புறம் அந்தக் கணினி அந்தப் பதிப்பை ஒரு நாளும் கேட்காது. போர்டை மாற்றினாலும், கேபிளை மாற்றினாலும், பூமியையே தோண்டினாலும். இதை வைத்து மனித உறவைப் பற்றி யாராவது தத்துவம் சொல்ல வந்தால் அந்தக் கேபிளாலேயே அடிப்பேன்.

"அண்ணா, ஆவணிக்கு முன்னாடி இந்தக் கம்ப்யூட்டர்ல பெட்டிய சொருகினீங்களா?"

"இல்லியேம்மா" என்றார். யோசித்துவிட்டு, "பூஜைக்கு சொருகினதுதான். அந்தப் பொண்ணுதான் பெட்டிக்கும் கம்ப்யூட்டருக்கும் மஞ்ச குங்குமம் வெச்சிட்டு, நல்ல நேரம் முடியறதுக்குள்ளன்னு சொருகிச்சு. டொய்ங்னுச்சு. பச்ச லைட்டு எரிஞ்சிச்சு. கற்பூரம் காட்டுனோம்" என்றார்.

ஆறு வீட்டிலும் அப்படித்தான். இருநூற்று முப்பத்தெட்டுக்குப் பதில் தெரியாத பெட்டியை, நல்ல நாள் பார்த்து, நல்ல நேரம் பார்த்து, சூடம் ஏற்றி அந்தக் கணினிக்கு அறிமுகம் செய்து வைத்திருக்கிறாய். அது கேட்டிருக்கிறது. பெட்டி திருதிருவென்று விழித்திருக்கிறது. விண்டோஸ் குறித்து வைத்துக்கொண்டது. ஏழாவது வீட்டுக்கு முதலிலேயே முழுசான ப்ரோக்ராம் போனது. அதனால் அங்கே பேசியது. விண்டோஸ் புதுசாக ஏற்றிய நம் அறைக் கணினியிலும் அப்படித்தான். எர்த்தும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

பதிப்பு எண்ணை 1.00 என்பதிலிருந்து 1.01 என்று மாற்றினேன். அவ்வளவுதான். பெட்டிக்குள் ஏற்றிச் செருகினேன். யாரோ புது ஆள் என்று நினைத்துக்கொண்டு விண்டோஸ் கேட்டது. சிவப்பு சிமிட்டியது. புட்டா ஏறியது. மேலே கொக்கிகள் தடதடவென்று தூக்கின. லோகநாதன் அண்ணன் "அட!" என்று எழுந்து நின்றுவிட்டார். எனக்கு அந்தப் பெட்டியைத் தூக்கித் தெருவில் போட வேண்டும் போல இருந்தது.

யார் மேல் கோபப்படுவது? முதலில் விண்டோஸ் மேல் பட்டேன். அப்புறம் உன்மேல் பட்டேன். சாமி படத்துக்கு முன்னால் சும்மா வைத்தால் போதாதா, செருக வேறு வேண்டுமா? செருகினாய், வந்து ஒரு வார்த்தை சொன்னால் என்ன? அப்புறம்தான் ஞாபகம் வந்தது, ப்ரோக்ராம் மாறினால் பதிப்பு எண்ணை மாற்ற வேண்டும் என்பது ஏழு வருஷம் கம்பெனியில் நான் நாலு பேருக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். நான் மாற்றவில்லை. ஒன்று, புள்ளி, இரண்டு சுழியம். லேபிளில் பார்க்க லட்சணமாக இருந்தது, அதனால் விட்டுவிட்டேன். நீ உன் வழக்கப்படி பூஜை செய்தாய். நான்தான் என் வழக்கப்படி வேலை செய்யவில்லை.

கை கழுவப் பின்கட்டுக்குப் போனேன். அண்ணி, லோகநாதன் அண்ணனின் மனைவி, குடத்தோடு நின்று நீ வெட்டிய குழியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"இன்னும் இதுக்குத் தண்ணி ஊத்துறீங்களா அண்ணி?"

"ஆமாம்மா. தெனம் ஒரு கொடம் ஊத்தணும், காய வுட்டுடாதீங்கக்கான்னு சொல்லிட்டுப் போச்சே."

"வேணாம் அண்ணி. கோளாறு எர்த்துல இல்ல. அவ வேலையில ஒரு தப்பும் இல்ல. நான் ப்ரோக்ராம்ல ஒரு நம்பர மாத்தாம வுட்டுட்டேன். தப்பு என்னுது."

அண்ணி குடத்தை இடுப்பிலிருந்து இறக்கவில்லை. "நீ ஏம்மா அத்த இழுத்துப் போட்டுக்கற? அதுவே சொல்லிச்சே. குழிய மூடிட்டு தோ இங்கதான் குந்திக்கினு டீ குடிச்சிச்சு. ப்ரோக்ராம் எழுதற பொண்ணு மேல ஒண்ணும் இல்லக்கா, என் கைவேலதான் எங்கியோ சொதப்பிக்கிச்சு, அது வந்தா மூஞ்ச காட்டாதீங்க, நல்லா பேசுங்கன்னு சொல்லிச்சு. ஆறு வூட்லயும் சொல்லிட்டேன்னுச்சு."

நான் குழாயடியில் கையைக் கழுவிக்கொண்டே இருந்தேன். அண்ணி, "தண்ணி வீணாப் போவுதும்மா" என்ற பிறகுதான் மூடினேன்.

மிச்சம் ஐந்து வீட்டுக்கும் இந்த ஒரு மாதத்தில் போனேன். ஒவ்வொரு வீட்டிலும் எண்ணை மாற்றி, பெட்டியை ஓடவைத்து, வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்து, தப்பு என்னுடையது என்று சொன்னேன். ஒவ்வொரு வீட்டிலும் நீ எனக்கு முன்னால் போய் உன் மேல் போட்டுக்கொண்டிருக்கிறாய். ஒருவர் நான் சொன்னதை நம்பவே இல்லை. செத்துப்போன பெண்ணை விட்டுக்கொடுக்காமல் பேசுகிறேன் என்று என்னைப் பாராட்டினார். அங்கேயே கத்தியிருப்பேன். அவர் வயசானவர், பல்லைக் கடித்துக்கொண்டு வந்துவிட்டேன். அறைக்கு வந்து உன் நாற்காலியைப் பார்த்துக் கத்தினேன்.

உன்னை யார் கேட்டார்கள்? நான் ஒரு வீட்டில் வைத்து உன்னைச் சொன்னதற்கு நீ ஆறு வீட்டில் போய் ஆமாம் போட்டாயே, அதுதான் எனக்கு ஆறவில்லை. நான் சொன்னது தப்பு என்று உனக்குத் தெரியும், ஊரில் என் பேர் கெட்டுவிடக் கூடாது என்று உன் தலையில் போட்டுக்கொண்டாய் என்றால், அந்தப் பெருந்தன்மை எனக்கு வேண்டாம். இல்லை, நான் அவ்வளவு நிச்சயமாகச் சொன்னதால் நிஜமாகவே உன் கைவேலைதான் கெட்டது என்று நம்பிவிட்டாயா? அந்தக் கை ஏழு வருஷத்தில் ஒரு போர்டைக்கூடக் கெடுத்ததில்லை. அந்தக் கையை நீ சந்தேகப்பட்டுக்கொண்டேதான் போனாயா? ஏணியில் நின்று நீ கேட்ட கேள்வியை நினைத்தால் முதலாவதுதான் என்று தோன்றுகிறது. சுவரில் நீ பென்சிலால் எழுதிய அளவுகளைப் பார்த்தால், ஒவ்வொரு குழியையும் முந்தியதைவிட ஆழமாக வெட்டியிருப்பதைப் பார்த்தால், இரண்டாவதுதான் என்று தோன்றுகிறது. இரண்டில் எது என்றாலும் எனக்குத் தாங்காது. எது என்று தெரியாமல் இருப்பதும் தாங்கவில்லை.

நான் திருந்திவிட்டேன் என்று எழுத ஆசைதான். இல்லை. போன வாரம்கூடக் கீழே ஆட்டோ எலெக்ட்ரிக் கடைக்காரரிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன். வாங்கிக்கொண்டு "செரி" என்று சொல்ல ஆள் இல்லாததால் பாதியில் நின்றுவிட்டது. ஆறு வீட்டிலும் சொல்லிவிட்டேன். ஏழாவதாகச் சொல்ல வேண்டிய ஆள் நீ. தப்பு உன்னுடையது இல்லை. ஒரு வயர்கூட, ஒரு ஈயப் பற்றுகூட உன்னுடைய தப்பு இல்லை.

அந்தச் சிவப்பு விளக்குக்கு நான் எழுதியது நாலே வரி. பத்து நிமிட வேலை. புரட்டாசியில், நீ ஏணியில் நின்று கேட்டபோது, அந்தப் பத்து நிமிடம் என்னிடம் இருந்தது. நீயும் இருந்தாய்.